முன் தண்டு

முதலில் துரோகம் செய்தவன் மரியசிலுவைதான். வியாகப்பனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

மாதா சப்பரத்தின் முன் தண்டில் வலது பக்கம் வியாகப்பனுடையது. அவருடைய அப்பா தோள் கொடுத்த இடம். போன திருவிழாவின்போது வியாகப்பன் குடலிறக்கத்துக்கு அறுவை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்த மரியசிலுவை, "நீ வர்ற வரைக்கும் நான் பிடிச்சுக்கிறேன் மச்சான்" என்றான்.

இவர் எழுந்து வந்தார். அவன் விடவில்லை.

"வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்கு. பாதி வழியில தையல் விட்டா மாதாவைப் பிடிக்கவா, மச்சானைப் பிடிக்கவா?" என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டான். ஊரே சிரித்தது.

கொடியேற்றத்தன்று வியாகப்பன் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியாருக்கு அவர் மகன் வயதுதான். ஆனாலும் மனத்தில் கிடப்பதை வியாகப்பன் வேறு யாரிடமும் கொட்டியதில்லை.

"சாமி, அவனைப் பார்த்தாலே நெஞ்சு எரியுது. நற்கருணை வாங்கினா நாக்கு கசக்குது. இது போக என்ன செய்யணும்?"

"தண்டு கிடைச்சாப் போயிருமா?"

"அன்னைக்கே போயிரும்."

"சரி. இந்த வருஷம் சப்பரத்துக்குப் பக்கத்துலயே கடைசி வரைக்கும் நடங்க. நல்லாப் பாருங்க. பார்த்ததை வந்து சொல்லுங்க. அப்புறம் தண்டைப் பத்திப் பேசுவோம்."

சப்பரம் சுற்றி வந்த மறுநாள், காலைப் பூசை முடிந்ததும் வியாகப்பன் வந்து நின்றார்.

"தோளுக்குத் துண்டே போடல சாமி. புதுச் சட்டை கசங்கிருமாம். ரைஸ்மில் வளைவுல கால் இடறிச்சு. யாரும் கவனிக்கல, நான் பார்த்தேன். மூச்சு வாங்குது, பல்லைக் கடிச்சு மறைக்கான். சனங்க நேர்ச்சைக்கு மாதா மேல உப்பும் மிளகும் போட்டா, இவன் தனக்குப் போட்ட மாதிரி தலையை நிமித்துறான்!"

"நல்லாத்தான் பார்த்திருக்கீங்க."

"இமை கொட்டல சாமி."

"மாதாவுக்கு என்ன நிறத்துல சேலை?"

 

"நீலமாத்தான் இருக்கும்."

"அது போன வருஷம்."

வியாகப்பன் கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தார். அது பூட்டியிருந்தது.

"வீட்டுல செசிலியம்மாகிட்டக் கேளுங்க" என்றார் சாமியார். "நீங்க பிழைச்சு வரணும்னு நேர்ந்துக்கிட்டு, அவங்க எடுத்துக் கொடுத்த சேலை அது."

வியாகப்பனுக்கு நினைவு வந்தது. ஒரு நாள் செசிலி ஏதோ ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "நல்லாயிருக்கா?" என்று கேட்டாள். மரியசிலுவை புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கும் சேதியைத்தான் அவர் அப்போது அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

 வியாகப்பன் முனகினார்.

"இருந்தாலும் சாமி, அந்தத் தண்டு எனக்கு வரவேண்டியதுதானே?"

"வரவேண்டியதுதான். மரியசிலுவை இன்னும் தரல." சாமியார் கோயில் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "தண்டை அவர் வாங்கிக்கிட்டார். கண்ணை நீங்களாத்தானே கொடுத்தீங்க?"