மொய் மைக்கில் ஒரு கடன்

லேத் பட்டறைத் தவசி எட்டு வருஷத்துக்கு முன்னால் கிரெடிட் கார்டு கடனைக் கட்டாமல் விட்டவன். அவன் மகள் காதுகுத்துக்கு மண்டபத்துக்கே வந்துவிட்டார் வசூல் ஏஜென்ட் சுகுமார். மொய் எழுதும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "நாற்பதாயிரத்தை இப்பவே ரொக்கமாக் கொடு, சிபில் ஸ்கோரை நானே சரிபண்ணிடறேன். இல்லேன்னா சபையில சொல்லிடுவேன்" என்றார்.

தவசி கூனிக்குறுகிப் போனான். பிறகு மொய் படிக்கிற மைக்கை அவனே வாங்கினான்.

"சொந்தக்காரங்க எல்லாரும் கேளுங்க. நான் கார்டு கடனைக் கட்டாதவன். அதை வசூலிக்க சார் வந்திருக்காரு. இந்த மேசையில பணம் கைமாறினா பேர், ஊர் படிக்கிறது நம்ம வழக்கம். சார், உங்க அடையாள அட்டையும் ரசீது புத்தகமும் கொடுங்க, நம்பரோட படிச்சிடறேன்."

பந்தியே திரும்பிப் பார்த்தது. சுகுமாரிடம் இரண்டும் இல்லை. "பேங்க்லயே கட்டிக்கோ" என்று முனகிவிட்டு நழுவினார்.

"திங்கக்கிழமை அங்கேயே கட்டி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கிடுவேன்" என்றான் தவசி. கூட்டம் கைதட்டியது.

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினான். மனைவி பேச்சியம்மா நின்றிருந்தாள். அந்தக் கடனை அப்போதே அடைத்துவிட்டதாக அவளிடம் எட்டு வருஷமாகச் சொல்லிவந்தவன் அவன்.