தன்னம்பிக்கைக்கு லக்கேஜ் டிக்கெட்

சகாய ரெக்ஸி பொய் சொல்லமாட்டாள், புளுகுவாள். பொய் சொல்கிறவளுக்கு நீங்கள் நம்பியாக வேண்டும். ரெக்ஸிக்கு நீங்கள் காதைக் கொடுத்தால் போதும். நம்புவதும் நம்பாததும் உங்கள் சௌகரியம்.

அன்றைக்கு அவளுக்குக் காது கொடுக்க இரண்டு அணிகள் இருந்தன. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஆனால் மைதானத்தில் பழைய மாணவர்கள் நட்புக்காக ஆடிய கிரிக்கெட் இன்னும் முடிந்தபாடில்லை. ஓர் ஓவர் போடுவார்கள், ஒரு செல்ஃபி எடுப்பார்கள், ஒரு ஜூஸ் குடிப்பார்கள். உடை மாற்றும் அறைகளும் அவர்களுக்கே போய்விட்டதால், இறுதி ஆட்டம் ஆடவேண்டிய இரண்டு பெண்கள் அணிகளையும் விளையாட்டுச் சாமான் போடும் அறையில், கிழிந்த வலைகளுக்கும் காற்றுப் போன பந்துகளுக்கும் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். எதிரும் புதிருமாக மோதப்போகிற இரண்டு ஆண்கள் அணிகளை இப்படி ஒரே அறையில் அடைத்துப் பார்க்கட்டும், மறுநாள் பேப்பரில் வந்திருக்கும்.

ரெக்ஸி தன் கிளவுஸைப் பார்த்தாள். அவள் கிளவுஸ்கூட இல்லை, ஷர்மிளாவுடையது. வழக்கமாகக் கோல் காக்கிற ஷர்மிளா அம்மை போட்டு விடுதியில் வேப்பிலையோடு படுத்திருந்தாள். "அப்ப யாரு நிக்கிறது?" என்று காலையில் கேட்டபோது எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். ரெக்ஸியின் வாய் அவளைக் கேட்காமல் "நான்" என்றுவிட்டது. இத்தனைக்கும் அவள் தடுப்பாட்டக்காரி. பந்து முகத்துக்கு நேராக வந்தால் அவள் கண்கள் தானாக மூடிக்கொள்ளும். இது உலகத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

கிரிக்கெட் பார்க்கிற அவசரத்திலும் ரெக்ஸியின் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் தனுஷ்கோடி சார் வாசலில் தலையை நீட்டினார்.

"மனசுதான்மா எல்லாம். நம்பிக்கையோட ஆடணும். கப்பு வந்தா சாயங்கால மைதானம் உங்களுக்கு. வரலைன்னா பசங்க நெட் பிராக்டிஸுக்கு. வெளிப்படையா சொல்லிட்டேன்."

"சார்," என்று எழுந்தாள் ரெக்ஸியின் அணியிலிருந்த உமையாள். பட்டிமன்றங்களில் மறுத்துப் பேசியே வளர்ந்தவள் அவள். சாப்பாட்டுக் கூப்பனுக்குக்கூட ஆதாரம் கேட்பாள். "பசங்க டீம் முதல் சுற்றைத் தாண்டி எவ்வளவு காலமாச்சு? அவங்ககிட்ட யாராவது கப்பு கேட்டீங்களா?"

சார் தலையை இழுத்துக்கொண்டார். வெளியே யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும்.

 ரெக்ஸியின் கை நடுங்குவது பக்கத்திலிருந்த ஷாஹினுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி, கை ஆடுது?"

"ஆடல. எஞ்சின் ஸ்டார்ட்ல இருக்கு." ரெக்ஸி காலை நீட்டி உட்கார்ந்தாள். "எனக்கு என்னட்டி பயம்? எனக்குப் பந்தே தேவையில்லை. அடிக்கிறவ கண்ணைப் பார்ப்பேன். இடமா வலமா மேலயா கீழயான்னு அதுல எழுதியிருக்கும்."

"எந்த மொழியில?" என்றாள் உமையாள்.

"அவங்கவங்க தாய்மொழியில. ஒரு தடவை திருவனந்தபுரத்துப் பிள்ளை ஒருத்தி வந்தா. எல்லாம் மலையாளத்துல இருந்துச்சு. நான் எழுத்துக் கூட்டி முடிக்கதுக்குள்ள கோல் விழுந்திருச்சு. அன்னிக்கு ராத்திரியே மலையாளம் படிச்சேன். மறுநாள் ஒரு பந்தும் உள்ள போகல."

எதிரணிப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மாரிக்கனி. அவள் உதைக்கிற பந்து வலையைக் கிழிக்கும் என்று இரண்டு மாவட்டங்களில் பேச்சு. முறுக்கைக் கடித்தபடி கேட்டாள்: "அப்ப இப்ப எங் கண்ணுல என்ன எழுதியிருக்காம்?"

ரெக்ஸி அவளை உற்றுப் பார்த்தாள். "இன்னும் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கலாம்னு எழுதியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. காலியான முறுக்குக் கவரைப் பார்த்தாள். ரெக்ஸியைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

ரெக்ஸிக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சூடு வந்தது. அட, இது வேலை செய்கிறதே!

"இதெல்லாம் சும்மா வருமா? எங்க ஊர்க் கடல்லதான் பயிற்சி. கரையில நின்னு கையை விரிச்சு, 'இதைத் தாண்டி வராதே'ன்னு அலையைப் பார்த்துச் சொல்வேன். முதல்ல கணுக்கால்வரைக்கும் வந்துச்சு. அப்புறம் கட்டைவிரலோட நின்னுச்சு. கடைசியில பத்தடி தள்ளியே யோசிக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் பின்னால மணல் காய்ஞ்சு பொரிகடலை வறுக்கிற மாதிரி கிடக்கு. படகு இறக்கத் தண்ணியில்லைன்னு பங்குச் சாமியாரே வந்து, 'மகளே, வீட்டுக்குப் போம்மா'ன்னு கெஞ்சினார்."

"நில்லு," என்றாள் உமையாள். "அங்க வராத தண்ணி எங்கயாவது போயாகணும். பக்கத்து ஊருக்கு ரெண்டு மடங்கு அலை போயிருக்கணுமே?"

"போச்சே! அதனாலதான் அந்த ஊருக்கும் எங்க ஊருக்கும் இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

உமையாள் ஒப்புக்கொண்டு தலையாட்டினாள்.  பட்டிமன்ற விதிகளின்படி அது பதில்தான்.

ரெக்ஸிக்கு இப்போது முழங்கைவரை சூடு. உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துவிட்டாள். "தன்னம்பிக்கைன்னா காத்து மாதிரின்னு நினைக்கீங்க. அதுக்கு எடை உண்டு, கேட்டியளா? போன வருசம் மண்டல ஆட்டத்துக்கு பஸ்ல போறேன். 'நான் ஜெயிப்பேன்'னு ஒரு தடவை நினைச்சேன், சீட்டு அமுங்குச்சு. ரெண்டாவது தடவை நினைச்சேன், பஸ்ஸு என் பக்கமா சாஞ்சுபோச்சு. கண்டக்டர் வந்து டிக்கெட்டு போட்டுட்டார்."

"புளுகு!" என்று ஷாஹின் துள்ளினாள். "பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம்!"

"எனக்கு இலவசம்தாண்டி. தன்னம்பிக்கைக்கு லக்கேஜ் போட்டார்."

இந்த முறை எதிரணியே தரையில் அடித்துச் சிரித்தது. உமையாள் மட்டும் விடவில்லை. "சரி, இவ்வளவு பெரிய ஆளு, உனக்குப் பயமே வந்ததில்லையா? அதைச் சொல்லு."

 ஒரு கணம், ஒரே ஒரு கணம், உண்மை ரெக்ஸியின் நுனிநாக்குவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"வந்துச்சு. சின்ன வயசுல கூடவேதான் இருந்துச்சு. ஒருநாள் 'வெளிய போ'ன்னு சொன்னேன். சட்டி பானையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. போக்கிடம் இல்லாம எங்க தெரு நாய்க்குள்ள புகுந்துக்கிச்சு. ஆளையே கடிக்கிற நாய் அது. இப்போ பூனை வந்தா எந்திரிச்சு ஓரமா நிக்கி. மீன் முள்ளைக்கூட முதல்ல பூனைக்குக் குடுத்துட்டுதான் சாப்பிடுது."

"அப்ப நாயைப் பத்திதான் கவலைப்படணும்," என்றாள் எதிரணியில் ஒருத்தி.

"அதை விடு. மண்டல ஆட்டத்துல என்ன ஆச்சு தெரியுமா? என்னைப் பார்த்ததும் பந்துக்குக் காத்து இறங்கிருச்சு. பம்ப்பு போட்டு அடிக்காங்க, அடிக்காங்க, அது மூச்சே வாங்கமாட்டேங்குது. கடைசியில நான் போய் மடியில வெச்சுத் தடவி, 'உன்னை ஒண்ணும் செய்யமாட்டேன், ஆடிட்டுப் போயிரு'ன்னு சொன்ன பிறகுதான் உருண்டுச்சு. அதுவும் என் பக்கம் வரல!"

"பந்துக்கு உயிர் இருக்குன்னு எந்தப் புத்தகத்துல..." என்று உமையாள் ஆரம்பிக்கவும், வெளியே விசில் ஊதவும் சரியாக இருந்தது. பழைய மாணவர்கள் பிரியாணிக்குக் கலைந்திருந்தார்கள்.

ரெக்ஸி மைதானத்துக்கு நடக்கவில்லை, மிதந்தாள். கோல் கம்பங்கள் அவளுக்கு வீட்டு வாசல்படிபோல் குறுகித் தெரிந்தன. முதல் பாதியில் ஷாஹின் ஒரு கோல் போட்டாள். அதற்குப் பிறகு உமையாளும் மற்றவர்களும் முன்னால் சுவர்போல நின்றதில் ரெக்ஸியிடம் வந்த பந்துகளெல்லாம் செல்லப்பிள்ளைபோல் உருண்டுதான் வந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, கூட்டத்துக்குக் காட்டிவிட்டே உதைத்தாள்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் மாரிக்கனி அடித்த பந்து உமையாளின் கையில் பட்டது. நடுவர் பெனால்டி என்றார்.

"சார், என் கை பந்துகிட்டப் போகல. பந்துதான் என் கைகிட்ட வந்துச்சு. யார்மேல தப்பு?"

நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார்.

"இது பதில் இல்ல சார், அட்டை!"

இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள். இப்போது மைதானத்தில் மாரிக்கனியும் ரெக்ஸியும் பந்தும் மட்டும். இது உள்ளே போனால் ஆட்டம் சமன். பிறகு ஆளுக்கு ஐந்து பெனால்டி. அப்படி வந்தால் கப்பும் போச்சு, சாயங்கால மைதானமும் போச்சு.  ரெக்ஸியின் கண்ணுக்கு வாசல்படியாக இருந்த கோல், கல்யாண மண்டப வாசலாக விரிந்துகொண்டே போனது.

ஆனால் பாருங்கள், ஒரு மணி நேரமாக ஊரையே நம்பச் சொன்னதில் முதலில் நம்பியவள் அவளேதான். கண்ணில் எழுதியிருக்கும், படித்துவிடலாம் என்று மாரிக்கனியின் முகத்தை ஆவலோடு பார்த்தாள்.

இரண்டாவதாக நம்பியவள் மாரிக்கனி. முறுக்கையே படித்தவள் பந்து போகிற மூலையைப் படிக்கமாட்டாளா? படிக்கவிடக் கூடாது. ஓடிவரத் தொடங்கியதுமே இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

புத்தகத்தை மூடிவிட்டார்கள்! ரெக்ஸிக்கு உலகம் இருண்டது. உண்மையிலேயே இருண்டது, ஏனென்றால் அவளும் கண்ணை மூடிவிட்டாள்.

மூடிய கண்ணோடு ஒருத்தி உதைக்க, மூடிய கண்ணோடு ஒருத்தி நிற்க, அந்த இடத்தில் கண் தெரிந்தது பந்துக்கு மட்டும்தான். அது நேராக வந்து ரெக்ஸியின் நெற்றியில் மோதி, மேல்கம்பியில் முட்டி, கீழே சரிந்து உட்கார்ந்துவிட்ட அவள் மடியிலேயே வந்து விழுந்தது. அவள் பாதிப் பயத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விசில் ஊதியது.

எல்லோரும் அவள்மேல் விழுந்து புரண்டு எழுந்தபோது தனுஷ்கோடி சார் நின்றிருந்தார். முகத்தில் வாழ்த்து இல்லை.

"நான் பார்த்தேன். இவ கண்ணை மூடிட்டா. குருட்டு அதிர்ஷ்டம்மா இது. கப்பு வந்தது சரி, ஆனா இதை வெச்சு மைதானத்தை... யோசிக்கணும்."

ரெக்ஸிக்கு நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கியிருந்தது. திறந்த வாயிலிருந்து ஒரு புளுகும் வரவில்லை. உமையாள் முன்னால் வந்தாள். வாழ்க்கையில் ஆதாரமில்லாமல் ஒரு வார்த்தை பேசாத உமையாள்.

"மூடினா சார். மறுக்கல. ஏன் மூடினா? பந்து மேல இரக்கப்பட்டு. போன மாசம் பிராக்டிஸ்ல கண்ணைத் திறந்து பார்த்துட்டா. அந்தப் பந்து பயந்து மேல போனது, இன்னும் இறங்கல. அன்னிக்கு விமான நிலையத்துலேருந்து ஃபோன் வந்துச்சே, 'பிளேன் இறங்கணும், உங்க பந்தைக் கொஞ்சம் ஓரமா எடுங்க'ன்னு? நீங்கதானே சார் எடுத்துப் பேசினீங்க? இங்கிலீஷ்ல வேற பேசினீங்களே! அதையும் மறந்துட்டீங்களா சார்?"

சார் திகைத்தார். சுற்றிலும் இரண்டு அணிப் பெண்களும் மூச்சுவிடாமல் அவரையே பார்த்தார்கள். மாரிக்கனி பக்தியோடு தலையாட்டினாள். மறதிக்காரர் என்ற பெயரைவிட மைதானம் போவது மேல் என்று சாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மறக்கிறதாவது! நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "பைலட்டே பேசினார். சரி சரி, நாளையிலேருந்து சாயங்காலம் மைதானம் உங்களுக்குத்தான். பந்தை மட்டும் பார்த்து ஆடுங்கம்மா."

அவர் போகும்வரை காத்திருந்து, ரெக்ஸி உமையாளின் கையைக் கிள்ளினாள்.

"ஏட்டி, சொல்றதுதான் சொல்ற, கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக் கூடாதா?"