எலும்புக்குப் பெயர் சூட்டப் போனவர்

"தாயே, அதுக்கு என் பேரை வைக்கலாமா? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கேட்டவர் ஆபத்சகாயம் பிள்ளை. வயது ஐம்பத்திரண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லையும் மண்ணையும் ஆராய வந்த வெள்ளைக்காரத் துரைக்குப் படம் வரைந்து கொடுப்பவர்.

பதில் சொல்ல வேண்டியவள் வேம்பம்மாள். சுண்ணாம்பு சுடும் காளவாயில் கல் உடைப்பவள். பிள்ளைக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளிடம் ஒரு சொல் வாங்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கிணறுகூட வெட்ட மாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஓடைக் கரையில் பிள்ளை ஓர் எலும்பைக் கண்டெடுத்திருந்தார். கல்லாகிப்போன எலும்பு. நிமிர்த்தி வைத்தால் ஆள் உயரம். துரை அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். இப்படி ஒரு பிராணியை உலகத்தில் எவனும் கண்டதில்லை, உம்முடைய பெயரையே இதற்கு வைத்து, பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி லண்டனுக்கு எழுதுகிறேன், உலகம் உள்ளவரை அழியாது என்றார். சம்மதக் கடிதம் மட்டும் பௌர்ணமிக்குள் வேண்டும்.

பிள்ளைக்குக் குழந்தை கிடையாது. இரண்டு கல்யாணம் செய்தும் கிடையாது. தன்னோடு தன் பெயரும் போய்விடும் என்ற துக்கம் அவரை நிம்மதியாகச் சோறு தின்ன விட்டதில்லை. பாவம், மனிதர் ஆசையில் நடுங்கினார். செத்துப்போன ஒன்றுக்கு உயிரோடு இருப்பவன் பெயரை வைத்தால் ஆகாதோ என்ற பயமும் கூடவே இருந்தது.

வேம்பம்மாள் சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

"நம்ம பக்கத்துல பேர் எப்படி வைப்பாங்க?"

"குழந்தை காதுல மூணு தடவை சொல்லுவாங்க."

"அப்ப காதுல போய்ச் சொல்லுங்க."

மறுபடியும் சம்மட்டியை எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை மண்வெட்டியோடு போனார். எலும்பு கிடந்த இடத்திலிருந்து கரையைத் தோண்டிக்கொண்டே போனார். ஒன்றன்பின் ஒன்றாக முதுகெலும்புகள் வந்தன. வர வரச் சிறுத்தன. கழுத்துதான், இதோ தலை வந்துவிட்டது என்று நினைத்தார். ஐந்தாம் நாள் கட்டைவிரல் பருமனில் ஒன்று வந்தது. அதற்கப்புறம் வெறும் மண். அட கஷ்டமே, இத்தனை நாளும் மனிதர் வாலைத் தோண்டியிருக்கிறார்.

காளவாய்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேம்பம்மாள் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் தோண்டினார். இடுப்பெலும்பு வந்தது. அதற்குள் அவர் சம்மணம் போட்டு உட்காரலாம். விலா வந்தது. உள்ளே ஒரு பல்லக்கு போகும். தோண்டத் தோண்ட அது முடிகிற பாடாயில்லை. தோள் தெரிந்தபோது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

பௌர்ணமியன்று காலை தலை வந்தது.

மேல்துண்டால் துடைத்தார். கண்குழிக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைகிற பள்ளம். காது. சம்மதக் கடிதம் மடியில் இருந்தது. குப்புறப் படுத்து, வாயை அருகே கொண்டுபோனார். காதுக்குள் மண் அடைத்திருந்தது. அடைத்த காதில் பெயர் சொல்லி என்ன பிரயோசனம்? ஈர்க்குச்சியால் மெல்லக் கிண்டினார்.

மண்ணோடு சிப்பிகள் உதிர்ந்தன. அரிசி அரிசியாக, நூற்றுக்கணக்கில். அத்தனையும் கடல் சிப்பி. பிள்ளை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வறண்ட ஓடையைப் பார்த்தார், பொட்டல் காட்டைப் பார்த்தார். கடலுக்கு அங்கிருந்து வண்டியில் மூன்று நாள் வழி.

வேம்பம்மாள் வந்து பின்னால் நின்றாள்.

"சொல்லியாச்சா?"

பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"இது காதுல கடல் பேசிட்டுப் போயிருக்கு தாயே. அந்தக் கடலையே காணோம்."