கந்தகத் தூள் வாய் திறந்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் சொறி வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தேசத்து மகாராஜாவுக்கு முதுகெல்லாம் சொறி பிடித்துக்கொண்டது. சாதாரண ஆளாக இருந்தால் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவான். சிம்மாசனத்தில் இருப்பவர் சபை நடுவே அப்படிச் செய்ய முடியுமா? பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நெளிவார். அந்த எரிச்சல் எல்லாம் எதிரே நிற்பவன் தலையில் விடியும்.

அரண்மனை வைத்தியர் சடாட்சரர் தினமும் கந்தகத் தூளை நல்லெண்ணெயில் குழைத்து ராஜாவின் முதுகில் பூசிவந்தார். பூசப் பூச முதுகு புண்ணானதே தவிர, சொறி போகிற வழியாக இல்லை. சபையைச் சிரிக்கவைக்கும் உத்தியோகம் பார்த்த விடங்கன், ஒருநாள் அந்த மருந்தை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். சும்மா இருக்க அவனுக்குத்தான் வராதே.

"மகாராஜா, இது மருந்தல்ல, மணல். வைத்தியர் தங்கள் திருமுதுகை உழுதுகொண்டிருக்கிறார். விதைப்பு எப்போது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. சடாட்சரரின் முகம் கருத்துப்போனது. இந்தக் கோமாளியின் பேச்சுக்கு ராஜா காது கொடுக்கிறாரே என்று அவருக்கு வெகுநாளாய் வயிற்றெரிச்சல்.

"அரசே! கல்வத்தில் நாள்கணக்கில் அரைத்து மாவாக்கிய கந்தகம் இது. மணல் என்கிறானே, இந்த ஜாடியில் பருமன் எத்தனை பங்கு, நடுத்தரம் எத்தனை பங்கு, மாவு எத்தனை பங்கு என்று நாளை இவன் அளந்து காட்டட்டும். சல்லடை கூடாது, தராசு கூடாது, தூளில் இவன் கை படவும் கூடாது. காட்டிவிட்டால் நான் தேசத்தை விட்டே போகிறேன். காட்டாவிட்டால் இவன் போகட்டும்!"

அந்த நேரம் பார்த்து ராஜாவுக்கு நடுமுதுகில் ஊறல் எடுத்தது.

"அப்படியே ஆகட்டும்!" என்று கத்தினார். "ஆனால் யார் சொன்னாலும் யாம் நம்பமாட்டோம். அந்தத் துகள்களே வந்து எம்மிடம் சொல்ல வேண்டும். இல்லையேல் விடங்கா, நாளை மாலைக்குள் நீ எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்."

"உத்தரவு, மகாராஜா. துகள்களையே பேசச் சொல்கிறேன்" என்று கும்பிட்டான் விடங்கன்.

வீட்டில் அவன் மனைவி செங்கமலம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நாட்டை விட்டு விரட்டினா எங்கே போறதாம்?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கப்பா வீடு இருக்கே."

"அங்கேயா? எங்க அண்ணி வாயில விழுந்து எழுந்திரிக்க என்னால ஆகாது. சோத்தைப் போட்டுட்டு ஊர் பூரா சொல்லிக் காட்டுவா. அந்த நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கக் கூடாதா நீங்க?"

ராஜாவின் கோபத்தைவிட அந்தச் சோற்றுக்குத்தான் விடங்கனும் உண்மையில் பயந்தான். ஆனால் வைத்தியரை அவர் கையாலேயே மாட்டவைக்கும் வழி அவனுக்கு வரும் வழியிலேயே தோன்றிவிட்டது. "மூட்டை கட்டாதே. கட்டப்போறவர் வேற ஒருத்தர்" என்றவன், சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினான்.

மறுநாள் சபை கூடியது. ராஜா நடந்துவர விரிக்கும் நீளமான வெள்ளை நடைபாவாடையைச் சிம்மாசனத்தின் காலடியிலிருந்து வாசல்வரை விரிக்கச் சொன்னான் விடங்கன். ராஜாவுக்கு விசிறுகிற ஆட்களை வாசலைப் பார்த்து வீசச் சொன்னான்.

"வைத்தியரே, என் கை படக்கூடாது அல்லவா? தாங்களே காற்றுக்கு முன்னால் நின்று, ஜாடியை உயரத் தூக்கி மெல்லச் சாய்த்துக் கொட்டுங்கள்."

சடாட்சரர் கொட்டினார். தூளில் பெரும்பகுதி காலடியிலேயே பொலபொலவென்று விழுந்து மஞ்சளாய்க் குவிந்தது. கொஞ்சம் நடுவழிவரை போய்ப் படிந்தது. வாசல் பக்கம் போனது ஏதோ பேருக்கு.

"மகாராஜா, துகள்கள் பேசிவிட்டன. இவையும் தங்கள் சபையைப் போலத்தான். கனத்தவர்கள் எந்தக் காற்றுக்கும் அசையாமல் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நலிந்தவர்கள்தான் வாசலுக்குத் தள்ளப்பட்டார்கள்" என்றான் விடங்கன். "இனி ஆழாக்கால் அளக்கலாம். ஆழாக்கு கூடாது என்று வைத்தியர் சொல்லவில்லை."

பணிப்பெண்கள் மயிற்பீலியால் கூட்டி அளந்தார்கள். காலடியில் ஐந்து ஆழாக்கு, நடுவில் இரண்டு. வாசலருகே கிடைத்ததில் ஆழாக்கின் அடிகூட மறையவில்லை.

சடாட்சரர் விடவில்லை. "இது காற்றின் குற்றம்! கந்தகத்தை எவ்வளவு அரைத்தாலும் வாசல்வரை பறக்காது!"

ராஜாகூட அதற்குத் தலையாட்டினார். விடங்கனுக்கு ஒரு கணம் மைத்துனன் வீட்டுச் சோறு கண்முன் வந்து போனது.

"நியாயமான பேச்சு" என்றான். "அப்படியானால் வைத்தியர் தனக்கென்று மடியில் வைத்திருக்கும் மருந்துச் சிமிழிலிருந்தும் ஒரு சிட்டிகை தூவிப் பார்ப்போம். தங்கள் முதுகைத் தொட்டுத் தொட்டு அவருக்கும் போன வாரம் சொறி தொற்றியது, மகாராஜா. இப்போது அவர் சொறிவதே இல்லை, கவனித்தீர்களா?"

வைத்தியரின் கை தானாகவே மடியைப் பொத்திக்கொண்டது. அதற்குமேல் சாட்சி வேண்டுமா? ராஜா உறுமவும் சிமிழ் வெளியே வந்தது. அதே விசிறி, அதே காற்று. ஒரு சிட்டிகை மஞ்சள் புகையாய்க் கிளம்பி, நடைபாவாடை முழுவதையும் கடந்து, வாயில்காவலனின் மீசையில் போய் உட்கார்ந்தது. அவன் தும்மிய தும்மலில் வேல் கை நழுவி விழுந்தது.

கோபமாக எழுந்த ராஜா அந்த மஞ்சள் மீசையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உமக்கென்றால் மாவு, எமக்கென்றால் மணலா? சிமிழ் எமக்கு, ஜாடி உமக்கு. சொன்னபடி நடையைக் கட்டும், சடாட்சரரே!"

வைத்தியர் தலைப்பாகையைக் கழற்றினார். அதைப் பார்த்து விடங்கனுக்கே மனம் கேட்கவில்லை.

"மகாராஜா, இவரை அனுப்பிவிட்டால் கூட்டி எடுத்த இந்த மணலையெல்லாம் யார் அரைப்பது? இங்கேயே கல்வத்தோடு உட்காரட்டும். அரைத்ததைத் தினமும் காற்றில் விட்டுக் கேட்டுக்கொள்வோம்."

அப்படியே நடந்தது. சில நாளில் கந்தகம் வாசலைத் தொட்டது. ராஜாவின் முதுகும் வழுவழுவென்று ஆறியது.

"விடங்கா, என்ன வேண்டுமோ கேள்!" என்றார் ராஜா.

விடங்கன் நின்ற இடத்திலேயே நெளிந்தான். "சபையில் கொஞ்சம் சொறிந்துகொள்ள அனுமதி வேண்டும், மகாராஜா. தங்கள் பக்கத்திலேயே நின்றதில் எனக்கும் வந்துவிட்டது."

சிம்மாசனம் ஆடும்படி சிரித்தார் ராஜா. பொன்னால் செய்த சிமிழ் ஒன்றை வரவழைத்து, மருந்தை நிரப்பி அவனுக்குப் பரிசளித்தார். "சடாட்சரரே, அரைத்த கையாலேயே பூசியும் விடும்!" என்றார்.

விடங்கன் மேல்துண்டை எடுத்துவிட்டுச் சபை நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், வைத்தியரே" என்றான். "அடடா, மாவு, மாவு!"