மீதி மூன்று பங்கு

"என் மருந்துல ஒரு குறையும் இல்ல," என்றார் வைத்தியர் துவான். "ஆனா என் மனைவிக்குக் குணமாகல. அது ஏன்னு சொல்லுங்க அம்மா. அதுக்காகத்தான் உங்க சீடனா வந்திருக்கேன்."

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குரு ஷூ பிங்குக்கு முப்பத்து நான்கு.

துவான் லேசுப்பட்ட ஆள் இல்லை. யாங்சீ நதிக்கரையில், அவர் பெயரைக் கேட்டாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர், மனைவி ஜின்யேயைப் படகில் கிடத்தி, ஆறு நாள் பயணம் செய்து இந்த மலையூருக்கு வந்திருந்தார்.

ஷூ பிங் மூன்று விரல்களை வைத்து ஜின்யேயின் இரண்டு கைகளிலும் நாடி பார்த்தார். அவசரமே படவில்லை.

"காய்ச்சல் வந்தப்போ எவ்வளவு இருந்தது?"

"பத்துக்குப் பத்து. மூணே நாள்ல ஏழு பங்கை இறக்கிட்டேன்."

"பெரிய விஷயம்."

"தெரியும்," என்றார் துவான்.

"மீதி மூணு?"

"அதுதான் நகர மாட்டேங்குது. நாப்பது நாளா விரட்டறேன். சூட்டைத் தணிக்க என்னென்ன மூலிகை உண்டோ அத்தனையும் போட்டாச்சு. அளவை ரெண்டு மடங்காக்கினேன். இப்ப நெத்தி சுடுது, கைகால் சில்லுனு கிடக்குது. சோறு இறங்கல. நான் தூக்கி உட்கார வெச்சாத்தான் உட்காருறா." அவர் மனைவியின் போர்வையை இழுத்து விட்டார். "இன்னும் பத்து நாள் தாங்க மாட்டா."

"மருந்தை நிறுத்துங்க. கஞ்சி கொடுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

துவானுக்குச் சுருக்கென்றது. பனிமலை உச்சியில் விளையும் வேர், நூறு வருடத்துக் காளான் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருந்தார். கஞ்சியா? அதைச் சொல்ல ஒரு குரு வேண்டுமா?

"திருடன் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கான். காவலை எடுத்துடுன்னு சொல்றாங்க," என்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமினார்.

அன்று மாலையே கதவைச் சாத்திக்கொண்டார். கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தார். தன் மருந்தைத் தானே காய்ச்சினார். யாருக்கும் தெரியக் கூடாது என்று புகை போகும் சன்னலைக்கூட அடைத்தார். மருந்தை வடிகட்டி மனைவிக்குப் புகட்டினார்.

எல்லாம் சரி. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சிய மருந்தின் சக்கையை வாசலுக்கு எதிரே தெருவில் கொட்டிவிடுவார்கள். போகிற வருகிறவர்களின் கால்களோடு நோயும் போய்விடும் என்று நம்பிக்கை. நாற்பது வருடம் வைத்தியம் பார்த்த கை, யோசிக்காமல் அதையும் செய்துவிட்டது.

காலையில் கதவைத் திறந்தார். தெருவில் ஷூ பிங் குந்தி உட்கார்ந்து சக்கையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

துவானுக்கு முகம் செத்துப்போனது.

"பதினாலு மூலிகை," என்றார் குரு. "ஒண்ணோட கடுமையை இன்னொண்ணு அடக்குது. இவ்வளவு அழகா ஒரு மருந்தை என்னால சேர்க்க முடியாது வைத்தியரே."

கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த நேரத்திலும் துவானின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என்ன செய்வது, மனுஷன் அப்படி.

"குடிச்சாங்களா?"

"குடிச்சா." துவான் தலையைக் குனிந்தார். "அத்தனையும் வாந்தி எடுத்துட்டா. எனக்குப் பயமா இருக்கு அம்மா. அவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது."

குரு எழுந்து உள்ளே போனார்.

ஜின்யே கண்ணைத் திறந்தாள். "உட்காரணும்," என்றாள்.

துவான் வழக்கம்போல ஓடினார். ஷூ பிங் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"இருங்க."

"விழுந்துடுவா!"

"இருங்க."

ஜின்யே இருவரையும் பார்த்தாள். யாரும் வரவில்லை. முழங்கையை ஊன்றினாள். சரிந்து விழுந்தாள்.

துவான் முனகினார். கையை உதறினார். பிடி இளகவில்லை. "மீதி மூணு அவங்க வேலை," என்றார் குரு.

ஜின்யே மறுபடி முழங்கையை ஊன்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்தாள். அப்படியே இருந்து மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் துவான் கவனித்தார். தன் மணிக்கட்டில் குருவின் மூன்று விரல்கள் வரிசையாக இருந்தன.

"நாடியா பார்க்கறீங்க? எனக்கா?"

"காய்ச்சல் யாருக்குன்னு பார்த்தேன்," என்றார் ஷூ பிங். "பத்துக்குப் பத்து இருக்குது."

ஜின்யே சிரித்துவிட்டாள். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. சிரித்த வேகத்திலேயே கையை அழுத்தி எழுந்தாள்.

உட்கார்ந்தே விட்டாள். சுவரில் சாயவில்லை. தலைமுடி கலைந்து கிடந்தது. நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. காது மடலில் லேசாக ரத்தம் ஏறியிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள் கணவரிடம். முப்பது வருட இல்லறத்தில் அவள் அவரை இவ்வளவு திமிராகப் பார்த்ததில்லை. "எனக்குப் பசிக்குது."

ஷூ பிங் துவானின் கையை விட்டார்.

"இப்ப மீதி எவ்வளவு, வைத்தியரே?"

துவானின் விரல்கள் பழக்கதோஷத்தில் மனைவியின் நாடியைத் தேடி நீண்டன. பாதியில் நின்றன.

அவர் அவளைப் பார்த்தார். மாகாண அதிபதியையே பிழைக்க வைத்து, ஊரே மேளம் கொட்டி வாழ்த்திய நாளில்கூட இந்தப் பெருமை அவர் நெஞ்சில் வந்ததில்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதை அவகிட்டதான் கேக்கணும்," என்றார்.