வாங்கலாமா, மாஸ்டர்?

ஜெசிந்தாவிடம் பைக் ஓட்டப் பழகியவர்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்து மூன்று. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். சேலத்தில் மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, வளைவில் வண்டியை எப்படிச் சாய்ப்பது, ஈரச் சாலையில் எப்படி நிறுத்துவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுப்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

சம்பந்தமும் அப்படி மூத்தவர்தான். செவ்வாய்ப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த ஹெல்மெட்டை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மாஸ்டர், அந்தப் புது மாடலை வாங்கலாமா?"

"உங்க வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆனா ஓட்டவே பிடிக்க மாட்டேங்குது. நாலாவது கியர்ல என்னமோ ஒரு சத்தம். சீட்டு வேற அழுத்துது. ஹேண்டில் பிடிச்சா கை மரத்துப்போகுது."

"எப்போலேர்ந்து?"

சம்பந்தம் கொஞ்சம் யோசித்தார். "புது மாடல் ரிலீஸ் ஆனதுலேர்ந்து."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஷோரூம்ல ரெண்டு தெரு சுத்தவிட்டாங்க. அதுல என்னத்தத் தெரியும்? வீடியோ எல்லாம் பாத்துட்டேன். ஒருத்தன் இத அடிச்சுக்க வண்டியே இல்லேங்கறான். ஒருத்தன் டவுனுக்குள்ள சூடாகுதுங்கறான். பொறுத்து வாங்கு, குறையெல்லாம் சரி பண்ணிடுவாங்கங்கறான் இன்னொருத்தன்."

"வாங்கினவங்க யாரையாவது கேட்டீங்களா?"

"ஹபீப்தான் வாங்கியிருக்கானே. தினமும் அவனே போன் பண்றான். இன்னுமா யோசிக்கறேன்னு திட்டறான்."

ஹபீப் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். சம்பந்தத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். இருவரும் ஒரே நாளில் ஒரே மாடல் வண்டியை வாங்கி, பல வருஷங்கள் ஜோடியாகச் சுற்றியவர்கள். புது மாடல் வந்ததும் ஹபீப் தன் வண்டியைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக அதை எடுத்தார். சம்பந்தம் மட்டும் பழைய வண்டியோடு நின்றுபோனார்.

"அவர் இப்போ கிளாசுக்கே வர்றதில்லையே," என்றார் மாஸ்டர்.

"எல்லாத்தையும் வண்டியே பாத்துக்குதாம். கத்துக்க ஒண்ணும் இல்லையாம்."

மாஸ்டர் மைதானத்தின் கேட்டைப் பூட்டினார்.

"அடுத்த ஞாயிறு அவரையும் கூட்டிட்டு வாங்க. ஏற்காடு போவோம்."

அந்த வாரம் சம்பந்தத்துக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. திங்களன்று காலை புது வண்டிக்கு முன்பதிவு செய்தார். சாயங்காலம் ரத்து செய்தார். கடைக்கு வந்த ஒருவருக்குக் கண் பரிசோதிக்கும்போது ஒரு லென்ஸை மாட்டி "இது தெளிவா இருக்கா?" என்று கேட்டார். அதையே கழற்றித் திரும்பவும் மாட்டி, "இல்ல, இதுவா?" என்றார். வந்தவர் எழுந்து இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டரிடம் பழகியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வண்டியைப் பற்றி ஓயாமல் சண்டை. ஹபீப் ஒற்றை ஆளாக எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தம் சாப்பிடும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க," என்றாள் அவர் மனைவி கோமதி. "குழம்பு ஊத்தி எவ்ளோ நேரம் ஆச்சு, தட்டப் பாருங்க."

ஞாயிறு காலை குப்பனூரில் டீக்கடை முன்னால் மூவரும் சேர்ந்தார்கள். ஹபீப்பின் புது வண்டி பழையதைவிட உயரமாக, மெலிந்து, கறுப்பாக நின்றது. டீ ஆறுகிற வரைக்கும் ஹபீப் அதைப் பற்றியே பேசினார். பிரேக்கைச் சொன்னார், ஒளிரும் திரையைச் சொன்னார், வேகத்தைச் சொன்னார். பேசும்போதெல்லாம் டேங்கின் மேல் இல்லாத அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் என்னடா யோசனை? வாங்கிடு மாப்ளே," என்றார்.

"போலாமா?" என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் முன்னால் போக, அடுத்து ஹபீப், கடைசியில் சம்பந்தம். மலை ஏற ஆரம்பித்தது. சம்பந்தத்தின் கண் புது வண்டியின் பின்சக்கரத்தைவிட்டு நகரவில்லை. அது எவ்வளவு லேசாகத் திரும்புகிறது, சாய்ந்ததும் எவ்வளவு சீக்கிரம் நிமிர்ந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு வளைவுக்குள் போனவர், தன் வண்டியைத் திருப்புவதில் பிந்திவிட்டார். வண்டி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விலகியது. எதிரே ஒரு ஜீப். ஹார்ன் காதைக் கிழித்தது. ஜீப்காரர் ஓரமாக ஒடித்ததால் சம்பந்தம் தப்பித்தார். முழங்காலை உரசுவதுபோல அது இறங்கிப்போனது.

சம்பந்தம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஹபீப்பும் முகம் வெளுத்து வண்டியை நிறுத்தியிருந்தார். மாஸ்டர் திரும்பி வந்தார்.

"எங்க பாத்து ஓட்டுனீங்க?"

"அவன் வண்டியை," என்றார் சம்பந்தம்.

மாஸ்டர் ஹபீப் பக்கம் திரும்பினார். "நீங்க?"

ஹபீப் தன் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் காட்டினார்.

"கண்ணாடியில... இவன் வண்டியை."

சம்பந்தம் சிநேகிதரை நிமிர்ந்து பார்த்தார். ஹபீப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் இருவரையும் சாலையோரச் சுவரில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னார். "சாவியை மாத்திக்கோங்க. மேல வரைக்கும் போய்ட்டு வாங்க. மெதுவா. ரோட்டைப் பாத்து."

இருவரும் மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மாஸ்டர் சுவரிலேயே உட்கார்ந்திருந்தார்.

முதலில் திரும்பி வந்தவர் சம்பந்தம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பேச ஆரம்பித்தார்.

"மாஸ்டர், என்ன வண்டி தெரியுமா! நெனச்சாலே திரும்புது. வாங்கத்தான் போறேன். இன்னிக்கே புக் பண்றேன்." பேசிக்கொண்டே கீழும் மேலும் பார்த்தார். "ஹபீப் எங்க?"

"இன்னும் வரல."

"எனக்கு முன்னாடி போனவனாச்சே?"

மாஸ்டர் தலையசைத்தார். சம்பந்தம் போன் போட்டார். சிக்னல் இல்லை. வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். ஒரு பஸ் இறங்கிவந்தது. அதை மறித்து, மேலே எங்காவது ஒரு பைக் விழுந்துகிடக்கிறதா என்று டிரைவரைக் கேட்டார். இல்லை என்றார் அவர். அப்போதும் சம்பந்தத்தால் உட்கார முடியவில்லை. புது வண்டி சுவரோரம் நின்றது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கடைசியில் வளைவுக்கு அப்பாலிருந்து அந்தப் பழைய எஞ்சினின் சத்தம் கேட்டது. ஹபீப் அவசரமே இல்லாமல் வந்து நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. கையை டேங்கின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடா போன? உசுரே போச்சு எனக்கு."

"ஏரி வரைக்கும் போய்ட்டேன். அப்புறம் அதுக்கும் அந்தாண்ட." ஹபீப் எஞ்சினை அணைத்தார். "டேய், எனக்கு அந்தப் புது வண்டி பிடிக்கலடா."

"என்ன?"

"எடுத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள ஊர் பூரா நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். நீயும் எடுத்துட்டேன்னா நான் பண்ணது தப்பில்லேன்னு ஆயிடும்னு..."

சம்பந்தத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுக்கு என்னையும் இழுத்துவிடப் பாத்தியா? தினமும் போன் பண்ணிப் பண்ணி..."

ஹபீப் தலைகுனிந்து சாவியை நீட்டினார். அதைப் பார்த்ததும் சம்பந்தத்தின் கோபம் இறங்கியது. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இங்க வா," என்று ஹபீப்பைப் புது வண்டியிடம் கூட்டிப்போனார்.

"இது நல்ல வண்டிடா. நான் இப்போதானே ஓட்டிட்டு வந்தேன். நீ பழைய வண்டி மாதிரியே மூணாவது கியர்ல ஏத்தப் பாக்கற. இதுக்கு ரெண்டாவது வேணும். எஞ்சினைக் கொஞ்சம் கத்த விடு, ஒண்ணும் ஆகாது. உக்காரு. இன்னும் முன்னாடி. முழங்கையை விறைப்பா வெக்காத. ஆங்."

"இப்படியா?"

"இன்னும் தளர்த்து. அந்தத் திரையில பாதிய அணைச்சுடு, சும்மா கண்ணை இழுக்குது. இப்போ அடுத்த வளைவு வரைக்கும் போய்ட்டு வா."

ஹபீப் போனார். வந்தார். வண்டியைத் திருப்பி மறுபடி போனார். இரண்டாவது தடவை வந்தபோது ஹெல்மெட்டுக்குள் அவர் கண் சுருங்கியிருந்தது. சிரிக்கிறார் என்று சம்பந்தத்துக்குத் தெரிந்தது.

"கெட்ட வண்டி இல்லடா," என்றார் ஹபீப்.

"அதான் சொன்னேனே."

"நான் முன்னாடி எறங்கறேன். டீக்கடையில நிக்கறேன்." ஹபீப் வண்டியை முடுக்கினார். வளைவு அவரை மறைத்தது.

சம்பந்தம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டர் இருந்த சுவருக்கு வந்தார்.

"மாஸ்டர், இவ்ளோ நேரம் ஆச்சு. நீங்க இன்னும் பதிலே சொல்லலையே. வாங்கலாமா, வேண்டாமா?"

மாஸ்டர் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார்.

"இப்போ அவருக்கு அந்த வண்டியை ஓட்டச் சொல்லிக்கொடுத்தீங்களே சார்."

"ஆமா."

"அப்போ அது உங்களுக்கு வேணும்னு தோணுச்சா?"

"தோணலயே," என்றபடி சம்பந்தம் சட்டைப்பையிலிருந்து தன் பழைய வண்டியின் சாவியை எடுத்தார்.