ஏழாம் குழிச் சோளம்

முன்னே ஒரு காலத்தில் நெடுங்கரை என்று ஒரு சீமை. அதை ஆண்டவன் செண்டலங்கார ராஜா. நல்லவன்தான், ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதுவே சட்டம். ஒருநாள் அரண்மனைச் சோளக்குழிகளுக்கு முத்திரை வைக்கும்போது பெருமை தலைக்கேறிவிட்டது. "என் முத்திரை விழுந்த குழியில் தானியம் கெடாது. கெட்டது என்று சொல்கிறவன் நாக்கை அறுப்பேன்!" என்றான். மழைக்கும் பூசணத்துக்கும் இந்தச் சட்டத்தை யார் போய்ச் சொல்வது?

அந்த ஐப்பசி அடைமழையில் ஏழாம் குழிக்குள் தண்ணீர் இறங்கியது. திறந்தால், சோளம் பச்சைப் பூசணம் பிடித்துக் கட்டி கட்டியாய்க் கிடக்கிறது. களஞ்சிய அதிகாரி குணபாலர் என்ன செய்தார்? கழுவச் சொன்னார், காயப்போடச் சொன்னார், அரைத்து அரண்மனைத் தொழுவத்துக்கு அனுப்பினார். மாட்டுக்குத்தானே! கழுவினால் பச்சை போகும், ஐயா. விஷம் போகுமா?

பசுக்கள் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. தொழுவக்காரன் இடும்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவனுக்கு இருப்பது ஒரே நாக்கு! பேசாமல் வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பிசைந்து வைத்தான். மாடுகள் நக்கி நக்கித் தின்றன. பால் வற்றியது, சினை கலைந்தது, ஒரு மாதத்தில் பதினோரு பசுக்கள் செத்து விழுந்தன. வெல்லத்துக்கும் மசியாமல் வெறும் வைக்கோலைத் தின்றுகொண்டிருந்த மயிலை என்ற பசு ஒருத்திதான் மிஞ்சினாள்.

ராஜா குதித்தான். அமைச்சர் நக்கண்ணரின் ஆசனத்தின் மேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்த குணபாலருக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

"மன்னா, இந்த இடும்பன் அரளி விதையை அரைத்துக் கலந்திருக்கிறான். இவன் யார் சிபாரிசில் வந்தவன்? அமைச்சர் சிபாரிசு!"

"நாளை உச்சிப்பொழுதில் இவனை யானைக்காலில் போடுங்கள்!" என்றான் ராஜா. இடும்பன் தலை குனிந்து நின்றான்.

நக்கண்ணர் அன்று பிற்பகலே ஏழாம் குழியில் கையை விட்டுப் பார்த்தார். கை பச்சையாய் வந்தது. நேரே போய்ச் சொல்லலாம்தான். அவருக்கும் நாக்கு ஒன்றுதானே! ஆகவே ராஜாவிடம் போய், "தண்டனைக்கு முன் குணபாலரைப் பாராட்டி ஒரு விருந்து வைப்போம். குற்றவாளியும் நின்று பார்க்கட்டும்" என்றார். விருந்து என்றால் ராஜா வேண்டாம் என்பானா?

மறுநாள் காலை இலை போட்டார்கள். இடும்பனைத் தூணில் கட்டி நிறுத்தினார்கள். நக்கண்ணரே பரிமாறினார்.

"ஏழாம் குழிச் சோளப் பொங்கல், மன்னா. தொழுவத்துக்குப் போன அதே சோளம். கழுவி, காயவைத்து, வெல்லமும் நெய்யும் விட்டுப் பொங்கியது."

"பேஷ்! வாசனை ஆளைத் தூக்குகிறதே! குணபாலரே, கையை வையும்."

"அடியேனுக்கு இன்று ஏகாதசி விரதம், மன்னா."

"ஏகாதசி நேற்றல்லவா?" என்றார் நக்கண்ணர்.

"நேற்று மறந்து சாப்பிட்டுவிட்டேன். அதற்கு இன்று..."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துக்கொண்டே ஒரு கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனான். குணபாலர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, மனிதர் வாய் திறக்கவில்லை.

"ராசா, தின்னாதீங்க!" தூணிலிருந்து இடும்பன் அலறினான். "அது பூசணச் சோளம்! அதைத் தின்னுதான் என் மாடெல்லாம் செத்துச்சு! என் நாக்கை அறுத்துக்குங்க, முதல்ல கையை உதறுங்க!"

ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது. நக்கண்ணர் அதே பொங்கலில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பயப்பட வேண்டாம், மன்னா. பொய் சொன்னேன். இது போன வாரம் என் வயலில் அறுத்த சோளம். தங்களைத் தடுப்பது யார் என்று பார்க்கத்தான் பரிமாறினேன்."

ராஜா திரும்பினான். "குணபாலரே, நான் சாகப்போகிறேன் என்று தெரிந்துமா விரதம் இருந்தீர்?"

"தங்கள் சட்டம், மன்னா... கெட்டது என்று சொன்னால் நாக்கு..."

அந்த ஆள் ஆயுசில் சொன்ன ஒரே உண்மை அதுதான். ராஜாவுக்கு முகம் கருத்துவிட்டது. தன் உயிரையே காவு கேட்ட சட்டம், தன் வாயால் போட்டது! பறையறைந்து அதை அப்போதே ரத்து செய்தான். குணபாலரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஏழாம் குழிச் சோளம் முழுவதையும் அவர் கையாலேயே அள்ளிப் புதைக்கச் சொல்லி அனுப்பினான். நக்கண்ணருக்குத் தன் சால்வையைப் போர்த்தினான். இடும்பனை அவிழ்த்து, தன் காப்பைக் கழற்றி நீட்டினான்.

இடும்பன் வாங்கவில்லை. விக்கி விக்கி அழுதான். "உங்களுக்குன்னா தொறந்துச்சே இந்த வாய், அதுங்களுக்குத் தொறக்கலியே ராசா! வேணாம் வேணாம்னு முகத்தைத் திருப்புச்சுங்க. நான்தானே வெல்லம் போட்டு ஏமாத்தினேன்!"

"உன் வாயைக் கட்டிவைத்தவன் நான்தானே, இடும்பா. வெட்கப்பட வேண்டியவன் நான்" என்றான் ராஜா.

அன்று மாலையே ராஜா தொழுவத்துக்கு நடந்து போனான். புதுச் சோளத்தை இரண்டு கையிலும் ஏந்தி மயிலையின் முன்னால் நீட்டினான். அவள் முகர்ந்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற சேவகன் மெதுவாக, "கொஞ்சம் வெல்லம் கலந்து பார்க்கலாமா, மன்னா?" என்றான்.

"வேண்டாம். அவள் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ராஜா ஏந்திய கையோடு அப்படியே நின்றான்.